ஹியோசாங் பூங்காவுக்கு ஒரு நடை

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சியோல் குளிர் பழகிவிட்டது என்றாய், நிம்மதி. உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். யோங்சான் பக்கம் ஹியோசாங் பூங்காவில் கொரிய விடுதலைப் போராட்டத் தலைவர் கிம் கு சமாதி இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வாம்மா. கொஞ்ச நாளாக அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கொரியா ஜப்பான் பிடியில் இருந்த காலம். 1919-இல் ஷாங்காயில் கொரியர்கள் நாடுகடந்த அரசு அமைத்தபோது, வாசல் காவல் வேலை போதும் என்று கேட்டவர். பின்னால் அந்த அரசுக்கே தலைவரானார். ஆனால் குடும்பம் பட்ட பாடு! 1924-இல் மனைவி ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தார். ஷாங்காயில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த வட்டாரத்தைத் தாண்டினால் ஜப்பான் போலீஸ் பிடித்துவிடும் என்பதால் கடைசிவரை இவரால் போய்ப் பார்க்க முடியவில்லை. சந்தையில் எறிந்த முட்டைக்கோஸ் இலைகளைப் பொறுக்கி வந்து உப்பிட்டு வைத்துச் சமாளித்தவர் இவருடைய அம்மா. பேரன்களைக் கொரியாவில் வளர்த்தவரும் அவரே. அந்த இரண்டு பையன்களுக்காகத்தான் தன் கதையைக் கடிதமாக எழுத உட்கார்ந்தார் கிம் கு.

1932 ஏப்ரல் 29 காலையில், ஷாங்காய் ஹோங்கௌ பூங்காவில் ஜப்பானியர் மீது குண்டு வீசக் கிளம்பிய யுன் போங்கில் தன் பைக்கடிகாரத்தை எடுத்துக் கிம் குவிடம் நீட்டினார். என்னுடையது ஆறு வொன், உங்களுடையது இரண்டு வொன், எனக்கு இனி ஒரு மணி நேரம்தானே வேண்டும், மாற்றிக்கொள்வோம் என்றார். பையனுக்கு 23 வயது. அனுப்பிவைத்தவர் கிம் கு. படித்த இரவு தூக்கமே வரவில்லை.

அவரைத் தெய்வமாக்க மாட்டேன். 1896-இல் ராணுவ அதிகாரி என்று நினைத்து அவர் கொன்ற ஜப்பானியர் வெறும் வியாபாரி என்றும் சொல்கிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் 1948-இல் நாடு இரண்டாகப் போகிறதே என்று, தடுத்தவர்களை மீறி, வடக்கையும் தெற்கையும் பிரித்த 38-வது கோட்டைத் தாண்டிப் பியோங்யாங் போய்ப் பேசினாரே, அந்தத் துணிச்சல் பெரிது. பலிக்கவில்லை. அடுத்த வருஷம் ஜூன் 26-இல் ஒரு ராணுவ அதிகாரி அவரை வீட்டிலேயே சுட்டுக்கொன்றான்.

யுன் போங்கிலின் எலும்புகளை 1946-இல் ஜப்பானிலிருந்து வரவழைத்து அதே பூங்காவில் அடக்கம் செய்ததும் கிம் கு தான், அதையும் பார். பக்கத்து அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும், ஞாயிறே போய்விடு.

அன்புடன்,
அப்பா