மட்டி சாப்பிட ஆரம்பித்துவிட்டது

லீட்ஸ்
பிப்ரவரி 8

அன்பான அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் மூன்று பேரும் சுகம். அம்மாவின் முட்டுவலி இப்போது எப்படி? அப்பா, ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடுகிற நேரம், நீங்கள் தேன்பெட்டிகளோடு குலசேகரம் பக்கம் அலைந்துகொண்டிருப்பீர்கள். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, தளிர் இலையின் காம்பில் சுரப்பது என்று என்னோடு வேலை பார்ப்பவளிடம் சொன்னேன். நான் கதை விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு போனில் பல்லிக் கதையை ஆரம்பித்ததும் நீங்கள் சிரித்த சிரிப்பில், அடுக்களையிலிருந்து அம்மா ஓடி வந்த சத்தம்கூட இங்கே கேட்டது. "பல்லிய விரட்டதுக்குத்தான் மக்களே காசு குடுப்பாவ, வளக்கதுக்கா?" என்றீர்கள். கேட்டது நியாயம்தான். ஆனால் பக்கத்தில் சின்னவன் நின்றுகொண்டிருந்தான். தாத்தா தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று மாடிக்குப் போனவன், ராத்திரி சாப்பிடவும் இறங்கி வரவில்லை. அதனால்தான் போனை நம்பாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசா வாசிச்சுட்டு, அப்புறம் சிரிங்க.

இது நம் டியூப் லைட் பக்கத்தில் காத்துக் கிடக்கிற பல்லி இல்லை. இங்கே லெப்பர்ட் கெக்கோ என்கிறார்கள், சிறுத்தைப் பல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் உடம்பு, மேலெல்லாம் கறுப்புப் புள்ளி. கண்ணுக்கு இமை உண்டு. நம்மைப் பார்த்து மெதுவாகச் சிமிட்டும். நம் வீட்டுப் பல்லியால் அது முடியாது. ஆனால் நம்முடையது சுவரேறும், இதற்கு அது வராது. விரலடியில் ஒட்டுகிற பட்டை இல்லாததால் கண்ணாடித் தொட்டிக்குள் தரையோடு தரையாக நடக்கும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், நம் நாட்டின் வடமேற்கு மூலை, அந்தப் பக்கத்து வறண்ட கல்லாங்காடு இதன் பூர்வீகம். இதைக் காட்டில் பிடித்ததாக நினைக்க வேண்டாம், தலைமுறை தலைமுறையாக வீடுகளில் பொரித்து வளர்ந்த வம்சம். அம்மா பயப்படுகிற மாதிரி நேரம் கெட்ட நேரத்தில் பலன் சொல்லவும் சொல்லாது, பெரும்பாலும் வாயே திறக்காது. (அம்மா, பல்லி சொன்னால் தரையைத் தட்டுவது நம் சபைக்கு ஆகாது என்று போதகர் சொல்லியும் நீங்கள் தட்டுவது எனக்குத் தெரியும்.)

தின்ற கொழுப்பை இது வாலில் சேர்த்துவைத்துக்கொள்ளும். நன்றாகச் சாப்பிட்ட பல்லியின் வால் பழுத்த மட்டி வாழைப்பழம் மாதிரி, குட்டையாக, உருண்டையாக, மஞ்சளாக இருக்கும். அதனால்தான் சின்னவனிடம் மட்டி என்று பெயர் வைக்கச் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு மடையன் என்று வேறு பொருளும் உண்டென்று இங்கே யாருக்கும் தெரியாது. இரண்டு பொருளும் பொருந்தும் என்பதும் போகப் போகத் தெரிந்தது.

நவம்பரில் என் வார்டில் வேலை பார்க்கிற ஒருத்தி வீடு மாறினாள். புது வீட்டில் பிராணி வளர்க்க அனுமதியில்லை. தொட்டி, சூடு பாய், எல்லாவற்றோடும் இலவசமாகத் தந்துவிட்டாள். இலவசம் என்றதும் இவர் சரி என்றார். 15, 20 வருஷம் உயிரோடிருக்கும் என்பதை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் வாசித்தோம்.

வந்த நாளிலிருந்து அது எதையும் தொடவில்லை. இதற்கு அசைகிற பூச்சிதான் சாப்பாடு. கடையில் சுவர்க்கோழியைச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில், காற்றுத் துளை போட்டு விற்கிறார்கள். டப்பா 3 பவுண்டு, நம் கணக்கில் முன்னூறு ரூபாய்க்கு மேலே. நம் ஊரில் மழை பெய்த ராத்திரி கதவைத் திறந்து வைத்தால் இலவசமாக வருகிற சாமான். வெளியில் பிடித்துப் போடவும் கூடாது, தோட்டத்து மருந்தோ ஒட்டுண்ணியோ இருக்கும் என்கிறார்கள். இவர் குளச்சல் துறையில் ஆள் உயரச் சுறாவை அறுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறவர். முதல் நாள் ஒரு சுவர்க்கோழி கையில் துள்ளியதும் நாற்காலியில் ஏறிவிட்டார். அன்றிலிருந்து அந்த வேலை என்னுடையது.

ஒரு வாரம் ஆயிற்று. சின்னவன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தொட்டி முன்னால் உட்கார்ந்து, மூடியைத் திறப்பான், குகையைத் தூக்கிப் பார்ப்பான், இடுக்கியில் பூச்சியைப் பிடித்து மூக்குக்கு நேரே ஆட்டுவான். அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போதுதான் அப்பா, உங்கள் ஞாபகம் வந்தது. சின்ன வயசில் நான் தேன்பெட்டி மூடியைத் தூக்கிப் பார்க்க வந்தால் கையைத் தட்டிவிடுவீர்கள். "திறந்து திறந்து பாத்தா ஈ பெட்டிய விட்டுட்டுப் போயிரும். வெளிய நின்னு வாசலைப் பாரு, உள்ள என்ன நடக்குன்னு வாசலே சொல்லும்." அதை அப்படியே அவனுக்குச் சொன்னேன். தொட்டியில் மூன்று பக்கமும் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். புது இடத்துக்கு வந்த மிரட்சியில் இரண்டு வாரம்வரைகூடச் சாப்பிடாமல் இருக்குமாம். கையில் எடுக்கக் கூடாது, அந்தி மயங்கின பிறகுதான் பூச்சி போட வேண்டும்.

வாசலைப் பார்க்கச் சொன்னதில் ஒரு நல்லது நடந்தது. சும்மா உட்கார்ந்து பார்த்தவன், மட்டி எந்நேரமும் சூடு பாய் இருக்கிற மூலையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்திருப்பதைக் கவனித்தான். தெர்மாமீட்டரை வைத்தான். 25 டிகிரி. அந்தத் தரை 32 டிகிரி அளவுக்கு இருக்க வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்துகிற கருவியின் உணரி, தொட்டியை மாற்றி வைத்தபோது இடம் பெயர்ந்து கிடந்திருக்கிறது. வயிற்றுக்கடியில் சூடில்லாவிட்டால் இதற்கு ஜீரணமே ஆகாது, அது தெரிந்துதான் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் பூச்சியை மாற்றி மாற்றி ஆட்டிக்கொண்டிருந்தோம், அதுவோ நம் ஊர் பங்குனி வெயிலைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. இந்தக் குளிரில் நானும் ஹீட்டரை ஒட்டித்தான் படுக்கிறேன், அதை ஒன்றும் சொல்வதற்கில்லை.

சூடு சரியானது. இருந்தும் சுவர்க்கோழியைத் தொடவில்லை. கடைக்காரரிடம் கேட்டேன். "இதைக் கொடுங்கள், எந்தப் பல்லியும் மறுக்காது" என்று மரத்தூள் போட்ட ஒரு டப்பாவைத் தந்தார். வீட்டில் திறந்து பார்த்ததும் கைகால் ஓடவில்லை. அப்பா, அது என்ன தெரியுமா? மெழுகுப் புழு! ஆனி ஆடி மழையில் ஈ குறைந்த பெட்டியில் புகுந்து, அடையைத் துளைத்து, நூலாம்படை கட்டி வைக்குமே, அதே வெள்ளைப் புழு. அடிப்பலகையைச் சுரண்டி, பழைய அடையை எல்லாம் முற்றத்தில் போட்டு நீங்கள் கொளுத்துவீர்களே, அந்தப் புழுவை 3 பவுண்டு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன். இங்கே அதை இதற்கென்றே வளர்க்கிறார்கள். தாத்தா மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் பெட்டி வைக்கப் படித்த காலத்திலிருந்து நம் வீட்டில் மூன்று தலைமுறை திட்டின திட்டெல்லாம் அந்த டப்பாவைப் பார்த்ததும் காதில் கேட்டது.

மட்டி ஒரே மூச்சில் நான்கு தின்றது. சின்னவன் குதித்தான். நானும்தான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான தொல்லை. மெழுகுப் புழு முழுக்கக் கொழுப்பு; எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் மிகக் குறைவு. பிள்ளைக்கு மூன்று வேளையும் முந்திரிக்கொத்து கொடுத்த மாதிரி. அதைத் தின்று பழகின பல்லி வேறெதையும் திரும்பிப் பார்க்காது. கொடுத்தவளிடம் போன் போட்டுக் கேட்டேன். "ஆமாம், அது அதை மட்டும்தான் தின்னும், சொல்ல மறந்துவிட்டேன்" என்றாள். எவ்வளவு நல்ல மனுஷி, இதைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டாள்.

ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். வாயில் புண் இல்லை, எச்சத்தைச் சோதித்ததில் குடல்பூச்சித் தொல்லை இல்லை. என் ஒரு நாள் ஓவர்டைம் போயிற்று. அவர் சொன்னது இதுதான்: புழுவை நிறுத்துங்கள், வாரம் ஒருமுறை எடை பாருங்கள், வால் தடியாக இருக்கும்வரை கவலை வேண்டாம், பசி வந்தால் தின்னும். எடை விடாமல் இறங்கினால் மட்டும் உடனே கொண்டு வரச் சொன்னார். மாவு நிறுக்கிற தராசில் அன்றைக்கு 61 கிராம்.

நிறுத்தினோம். சாயங்காலம் வந்தால் குகையிலிருந்து தலையை நீட்டி, புழு வரும் என்று பார்க்கும். சுவர்க்கோழி போட்டால் ஒரு பார்வை, அப்புறம் உள்ளே போய்விடும். 58 ஆயிற்று. 56 ஆயிற்று. சின்னவன் ஒரு ராத்திரி அழுதான், ஒரு புழு மட்டும் கொடுக்கலாமே அம்மா என்று. எனக்கும் கை போனது. அப்பா, 1991இல் நோய் வந்து பெட்டி பெட்டியாகத் தேனீயின் புழு அழுகிச் செத்தபோது எனக்கு 6 வயசு. திண்ணையில் நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்ததும், மறு வருஷம் எங்கிருந்தோ இரண்டே இரண்டு பெட்டி ஈ கொண்டுவந்து, சிரட்டையில் சீனித்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, ஒரு மாதம் திறக்காமல் காத்திருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அதை அவனிடம் சொன்னேன். "தாத்தா அழலையா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அதற்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்த நாட்களில் சும்மா இருக்க முடியாமல் நாங்கள் செய்த கூத்துகள் பல. பூச்சியின் அளவு பல்லியின் இரண்டு கண்ணுக்கு நடுவிலுள்ள தூரத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்பதால் சின்னதாகப் பார்த்துப் பொறுக்கினோம். துள்ளல் குறையட்டும் என்று கொஞ்ச நேரம் குளிரில் வைத்தோம். மாவுப்புழுவை வாங்கி ஃபிரிட்ஜில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தேன். குளிரில் வளராமல் அப்படியே தூங்கும். மறுநாள் இவர் கறிவேப்பிலை என்று நினைத்து அந்த டப்பாவைத் திறந்துவிட்டார், அன்றைக்கு எங்கள் வீட்டில் தாளிப்பே இல்லை. கடையில் ஒரு தட்டு முழுக்க வெட்டுக்கிளி டப்பாவும் இருந்தது. அதைப் பார்த்ததும் சின்னவன், "யோவான் ஸ்நானன் சாப்பிட்டது இதுதானே?" என்று சத்தமாகத் தமிழில் கேட்டான். ஞாயிறு பள்ளி வீண்போகவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

பூச்சிக்கும் சாப்பாடு போட வேண்டும், அது தின்றதுதான் பல்லிக்குப் போய்ச் சேரும். கேரட்டும் கீரையும் நறுக்கிப் போடுகிறேன். பிறகு ஒரு பையில் கால்சியம் பொடியோடு போட்டுக் குலுக்க வேண்டும், அம்மா நெத்திலிக்கு அரிசிமாவு பிரட்டுவது போலவே. அது இல்லாவிட்டால் எலும்பு வளைந்துபோகும். தின்னாத சுவர்க்கோழியை ராத்திரி தொட்டியில் விட்டுவைக்கவும் கூடாது, தூங்குகிற பல்லியைக் கடித்துவிடும்.

புழுவை நிறுத்திய பதினாறாம் நாள். நைட் டியூட்டி முடிந்து விடியுமுன்னே வந்தேன். வெளியே கும்மிருட்டு, காலெல்லாம் பனி. சாயா போட்டுக்கொண்டு தொட்டிப் பக்கம் போனால், மட்டி வெளியே நிற்கிறது. இது அந்தியிலும் விடியலிலும் நடமாடுகிற ஜீவன், என் டியூட்டி நேரம்தான் அதற்கும். கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு சுவர்க்கோழியைப் பொடியில் பிரட்டிப் போட்டேன். போட்டுவிட்டு, திரும்பி ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டேன். கண்ணாடியில் அதன் நிழல் தெரிந்தது. தலையைத் தாழ்த்தி, வாலின் நுனியை மட்டும் படபடவென்று ஆட்டியது, பூனை எலியைப் பார்த்து ஆட்டுமே அப்படி. அப்புறம் ஒரு பாய்ச்சல். மொறுக்கென்ற சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது போட்டேன், அதுவும் போயிற்று. மேலே ஓடிச் சின்னவனை எழுப்பினேன். அவனைக் கண்டதும் அது குகைக்குள் போய்விட்டது. இருந்தாலும் மிச்சம் கிடந்த ஒரு காலைக் காட்டினேன், அவனுக்கு அது போதுமாயிருந்தது.

இப்போது 63 கிராம். வாரம் மூன்று நாள் சுவர்க்கோழி, இடையில் மாவுப்புழு. மெழுகுப் புழு மாதத்துக்கு ஒன்று, சின்னவன் கையால், கிறிஸ்மஸ் பலகாரம் மாதிரி.

ஒரு சுவர்க்கோழி தப்பி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய், ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. இவர் டார்ச்சும் துடைப்பமுமாக வந்தார். விடுங்கள், கிடக்கட்டும் என்றேன். ஐந்தாறு நாள் கத்தியது. விளக்கை அணைத்துவிட்டு அடுக்களையில் உட்கார்ந்தால் கிணற்றுப் பக்கத்துச் சத்தம் அப்படியே இருந்தது. இவரும் துடைப்பத்தை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார், ஒன்றும் பேசவில்லை.

அப்பா, அடுத்த ஞாயிறு நீங்களே சின்னவனைக் கூப்பிடுங்கள். மெழுகுப் புழுவைப் பற்றி உங்களிடம் கேட்க ஒரு தாள் நிறையக் கேள்வி எழுதி வைத்திருக்கிறான். ஒரு பெட்டியில் எத்தனை இருக்கும், அது ஏன் மெழுகைத் தின்கிறது, தாத்தா அதை ஏன் எரிக்கிறார், எரிக்காமல் விற்றால் என்ன. கடைசிக் கேள்வியை நீங்கள் பார்த்துச் சமாளியுங்கள்.

ஜூனில் நீங்கள் வரும்போது உங்களுக்கு மாடி அறைதான். மட்டியும் அங்கேதான் இருக்கிறது. அறையை விட்டு வெளியே வந்ததும் எல்லா ஸ்விட்சையும் தட்டி அணைக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டு. ஜன்னலோரம் சிவப்பு நூல் கட்டிய ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை மட்டும் தொடாதீங்க.

உங்கள் அன்பு மகள்