நாலு கோடு நோட்டின் நேரத்தில் கொஞ்சம் விசைப்பலகைக்குக் கொடுங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு வணக்கம்.

என் அண்ணன் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தமிழானாலும் ஆங்கிலமானாலும் தனித்தனி எழுத்தாக, யாரும் படிக்கும்படி எழுதுவாள். இந்த ஆண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தெழுதும் கர்சிவ் ரைட்டிங் தொடங்கியதிலிருந்து தினமும் மாலையில் நாலு கோடு நோட்டை விரித்துவைத்து அழாத குறையாக உட்கார்ந்திருக்கிறாள். சொல்லில் பிழையே இல்லை, எழுத்தோடு எழுத்து சேரவில்லை என்பதற்காகச் சிவப்பு மையில் சுழித்து அனுப்பியிருக்கிறார்கள்.

கையால் எழுதவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சின்னக் குழந்தைகளுக்கு அது கட்டாயம் வேண்டும். இன்னும் படிக்கத் தெரியாத குழந்தைகளை வைத்து அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. ஓர் எழுத்தைத் தானாக வரைந்து பழகிய பிறகு அதைப் பார்க்கும்போது, படிப்பதற்கு உதவும் மூளைப் பகுதிகள் நன்றாக இயங்கின, விசையைத் தட்டிப் பழகிய எழுத்துக்கு அப்படி இல்லை. ஆனால் கவனியுங்கள், அந்தக் குழந்தைகள் வரைந்தது தனி எழுத்துகளை, சேர்த்தெழுதும் எழுத்தை இல்லை. தொட்டு எழுதும் பேனாவை அடிக்கடி எடுத்து வைத்தால் மை சிந்தும், அந்தக் காலத்துக்குச் சேர்த்தெழுதுவது வசதியாக இருந்தது. இப்போது அந்தப் பேனா எங்கே இருக்கிறது?

பின்லாந்து 2016-இலேயே கர்சிவைக் கட்டாயத்திலிருந்து எடுத்துவிட்டுத் தனி எழுத்தோடு தட்டச்சையும் சேர்த்தது. கலிபோர்னியா 2023-இல் சட்டம் போட்டுக் கர்சிவைத் திரும்பக் கொண்டுவந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் எழுதுவது இரண்டு மொழி, அதில் தமிழைச் சேர்த்தெழுதப் பள்ளியில் யாருமே சொல்லித்தருவதில்லை, அதனால் யாருடைய தமிழும் கெட்டுப்போகவும் இல்லை.

எனக்கு உண்மையில் வருத்தம் தமிழ்த் தட்டச்சைப் பற்றித்தான். பட்டம் வாங்கிய பிள்ளைகள்கூட 'அம்மா' என்று அடிக்க ஆங்கில எழுத்துகளைத் தேடுகிறார்கள், ழகரத்துக்கு இரண்டு ஆங்கில எழுத்து, ளகரத்துக்குப் பெரிய எழுத்து என்று மனப்பாடம் செய்கிறார்கள். தமிழ் எழுத்தையே நேரடியாகத் தட்டும் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைத் தமிழ்நாடு அரசே 1999-இல் ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு, நடுவில் உள்ள புள்ளி தானாக விழும். எல்லா விசைப்பலகையிலும் தடவிப் பார்த்தால் இரண்டு விசையில் சின்ன மேடு இருக்குமே, அதில் இடது பக்கம் இருப்பது புள்ளி, வலது பக்கம் இருப்பது பகரம், ஆகக் கண்ணை மூடிக்கொண்டே விரலை வைத்துவிடலாம்.

நான் இதையெல்லாம் பள்ளியில் கற்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் பணம் கட்டிப் போய் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று மணிக்கணக்கில் அடித்துத்தான் ஆங்கிலம் வந்தது, தமிழை அப்புறம் நானாகப் பழகினேன். பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் இரண்டு விரலால் தேடித்தேடித்தான் அடிக்கிறார்கள்.

தேர்வைக் கையால்தானே எழுத வேண்டும் என்பீர்கள். சரி, தெளிவான தனி எழுத்தில் வேகமாக எழுதப் பழக்குங்கள், அதற்குக் கர்சிவ் தேவையில்லை. குரலில் சொன்னால் போன் எழுதிவிடுகிறதே என்றும் சிலர் கேட்கிறார்கள், ஒரு கட்டுரையைத் திருத்தித் திருத்தி எழுதிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். கர்சிவுக்கு மதிப்பெண் வேண்டாம், விரும்பும் பிள்ளை ஓவியம் போலக் கற்கட்டும். விரல் எட்டும் வயதில், ஐந்தாம் வகுப்பிலிருந்து, வாரம் இரண்டு பீரியட் தட்டச்சுக்கு வையுங்கள். அதில் முதலில் தமிழ்99, பிறகு ஆங்கிலம். கணினி குறைவாக உள்ள பள்ளிக்கு வெறும் விசைப்பலகையாவது கொடுங்கள், விரலுக்கு இடம் பழக ஆரம்பத்தில் அது போதும்.