விட்டுக்கொடுத்தவர்களுக்கும் வேலை செய்தவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள், பொறியாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், குடிநீர் மற்றும் கழிவுநீர்ப் பிரிவுகளின் ஊழியர்கள், நம் நகரத்தின் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

மாநகராட்சியின் ஆண்டு முன்னேற்ற அறிக்கை மாமன்றத்தில் வைக்கப்பட்டதை ஒட்டி, குடியிருப்போர் நலச் சங்கங்களின் ஒருங்கிணைப்புக் குழு சார்பில் இந்த மடலை எழுதுகிறோம். குறைகளை மனுவாக எழுதிக் கொடுப்பது எங்கள் சங்கங்களின் கடமை என்றால், ஒரு குறை தீர்ந்தபோது அதைத் தீர்த்தவர்கள் யார் என்பதை ஊரறியச் சொல்வதும் அதே கடமையின் மறுபாதிதான். அறிக்கையில் துறைகளின் பெயர்கள் இருக்கின்றன, முடிந்த பணிகளின் பட்டியல் இருக்கிறது. அந்தப் பணிகள் நடந்த விதத்தையும், அவற்றுக்காகத் தங்கள் முறையைத் தள்ளிவைத்துக்கொண்டவர்களையும் அந்தப் பட்டியலில் காண முடியாது என்பதால் அவர்களிடமிருந்தே தொடங்குகிறோம்.

முதல் நன்றி, மேட்டுப் பகுதித் தெருக்களில் வசிப்பவர்களுக்கு. மழைநீர் வடிகாலைத் தண்ணீர் போய்ச் சேரும் தாழ்ந்த முனையிலிருந்துதான் மேல்நோக்கிக் கட்டிக்கொண்டு வர வேண்டும். மேட்டில் முதலில் கட்டிவிட்டால், அங்கே விழும் மழை முன்னைவிட வேகமாகக் கீழே இறங்கி, ஏற்கெனவே மூழ்கும் வீடுகளை இன்னும் ஆழமாக மூழ்கடிக்கும். இருந்த நிதியில் இரண்டு இடங்களிலும் ஒரே ஆண்டில் வேலை நடக்காது என்பதைப் பொறியாளர்கள் வார்டு கூட்டத்தில் வரைபடத்தை விரித்துவைத்து விளக்கினார்கள். அப்போது மேட்டுத் தெரு ஒன்றிலிருந்து வந்திருந்த மூத்த பெண்மணி ஒருவர் எழுந்து, "எங்கள் தெருவில் பள்ளம்தான் இருக்கிறது, அவர்கள் வீட்டுக்குள் தண்ணீரே போகிறது; முதலில் அங்கே போடுங்கள், ஆனால் எங்கள் முறை எப்போது வரும் என்பதை இப்போதே எழுதிக் கொடுங்கள்" என்றார். உதவிப் பொறியாளர் அதை அந்த இடத்திலேயே கூட்டக் குறிப்பில் எழுதி, உரக்கப் படித்துக்காட்டி, கையொப்பமிட்டார். இந்த ஆண்டு நடந்த பெரிய முன்னேற்றங்களில் ஒன்று அந்தக் கையொப்பம் என்று நாங்கள் கருதுகிறோம். ஏனென்றால், முறை வரும் என்ற உறுதி எழுத்தில் இருந்தால்தான் மக்களால் விட்டுக்கொடுக்க முடியும், அந்த உறுதி இல்லாத இடத்தில் காத்திருக்கச் சொல்வது கைவிடுவதற்குச் சமம்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989ஆம் ஆண்டில் தொடங்கிய மக்கள் பங்கேற்பு வரவு செலவுத் திட்டம் இதே எண்ணத்தில்தான் நின்றது. எந்தப் பகுதிக்கு எந்த வேலை முதலில் வேண்டும் என்பதை மக்கள் கூடிப் பேசி வரிசைப்படுத்தினார்கள். அடிப்படை வசதி குறைவாக உள்ள பகுதிக்குக் கூடுதல் மதிப்பெண் என்ற விதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. நம் மாமன்றமும் முன்னுரிமைப் பட்டியலையும் அதற்கான காரணங்களையும் வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டியது. அதை ஒட்டச் சொன்ன ஆணையருக்கும், தங்கள் வார்டின் பெயர் கீழே இருந்தபோதும் அதை மறைக்காமல் மக்களிடம் எடுத்துச் சொன்ன மாமன்ற உறுப்பினர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

அடுத்து, குடிநீர்ப் பிரிவின் இரவுப் பணிக் குழுவினருக்கு. ஊர் உறங்கும் நேரத்தில், பெரும்பாலும் இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில், இவர்கள் தெருவில் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் யாரும் குழாயைத் திறப்பதில்லை என்பதால், ஒரு பகுதிக்குள் நுழையும் பிரதானக் குழாயின் மீட்டர் அப்போதும் வேகமாக ஓடினால், அந்தத் தண்ணீரின் பெரும்பகுதி மண்ணுக்குள் போகிறது என்று அறியலாம். பிறகு ஒவ்வொரு வால்வாகச் சென்று, ஒரு நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறார்கள். கசியும் குழாய் மெல்லிய சீறலாகக் கேட்கும் என்றும், கசிவை நெருங்க நெருங்க அந்தச் சீறல் கூர்மையாகும் என்றும் ஓர் ஊழியர் எங்களிடம் கம்பியைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். எங்கள் காதுக்கு எதுவும் பிடிபடவில்லை. அவரோ இரண்டு அடி நகர்ந்து சுண்ணாம்பால் ஒரு குறி போட்டார். மறுநாள் அந்தக் குறிக்கு நேர் கீழேதான் குழாயின் இணைப்பு விட்டிருந்தது.

இந்தக் கசிவுகளை அடைப்பது தண்ணீரை மிச்சப்படுத்துவதோடு நிற்கும் வேலை ஆகாது. விட்டுவிட்டு நீர் வழங்கும் நகரங்களில், குழாயில் அழுத்தம் குறையும்போது அதே ஓட்டைகள் வழியே சுற்றியுள்ள மண்ணிலிருக்கும் கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது; ஆகவே, வெளியேறும் வழியாக நாம் பார்க்கும் ஒவ்வொரு கசிவும் நோய் உள்ளே வரும் வழியாகவும் இருக்கிறது. கம்போடியாவின் தலைநகர் நோம் பென்னில் 1993ஆம் ஆண்டு, வழங்கிய நீரில் சுமார் 72 விழுக்காடு கசிவாகவும் திருட்டு இணைப்பாகவும் கணக்கில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எக் சொன் சான் தலைமையில் அந்நகரின் குடிநீர் வாரியம் குழாய்களை மாற்றி, எல்லா இணைப்புக்கும் மீட்டர் பொருத்தி, கசிவு தேடும் குழுக்களை இரவும் பகலும் நிறுத்தி, அந்த இழப்பை ஏறக்குறைய 6 விழுக்காட்டுக்குக் குறைத்து, 24 மணி நேரமும் நீர் வழங்கும் நிலைக்கு வந்தது. அவருக்கு 2006ஆம் ஆண்டு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. நம் நகரம் அந்த இலக்கிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது என்றாலும், பகுதிவாரியாக மீட்டர் பொருத்தி இழப்பை அளக்கத் தொடங்கியிருப்பதற்கும், அந்த அளவு சங்கடம் தரும்போதும் அதை அறிக்கையில் அப்படியே வெளியிட்டதற்கும் குடிநீர்ப் பிரிவின் தலைமைப் பொறியாளருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

நீர்ப் பரிசோதனைக் கூடத்தின் உதவியாளர்களையும் இங்கே நினைக்க வேண்டும். தெருவின் கடைசிக் குழாயில்தான் இவர்கள் மாதிரி எடுக்கிறார்கள்; நீரேற்று நிலையத்தில் எவ்வளவு குளோரின் கலந்தோம் என்பதைவிட, கடைசி வீட்டில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே அங்கு குடிக்கும் குழந்தைக்கு முக்கியம். சிறு கண்ணாடிக் குழாயில் நீரைப் பிடித்து, ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்கினால் நீர் இளஞ்சிவப்பாக மாறும். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் என்ற அளவுக்கான நிறத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 1908ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி தன் குடிநீர் முழுவதற்கும் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கியபோது அதைச் செய்த மருத்துவர் ஜான் லீல் நீதிமன்றத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இன்று அது எல்லோரும் மறந்துவிட்ட அளவுக்கு வழக்கமாகிவிட்டது. அதனாலேயே, வெயிலில் பை தூக்கி வரும் அந்த உதவியாளருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் இதே சொல் பொருந்தும். 1854ஆம் ஆண்டு லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, அதற்குக் காரணம் தெருவின் அடிபம்புதான் என்று கண்டுகொண்ட ஜான் ஸ்னோவின் பெயரை உலகம் அறியும். முதலில் அவர் கருத்தை ஏற்க மறுத்து, பிறகு ஒவ்வொரு குடும்பமாகப் போய் விசாரித்து, அந்த பம்பை ஒட்டிய 40ஆம் எண் வீட்டில் நோயுற்ற கைக்குழந்தையிடமிருந்து அது தொடங்கியதைக் கண்டுபிடித்தவர் ஹென்றி வைட்ஹெட் என்ற உள்ளூர்ப் பாதிரியார். அவருக்கு அந்தத் தெருவின் மனிதர்களைத் தெரிந்திருந்தது. நம் பகுதிகளில் எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்த மாடியில் தொட்டி மூடாமல் கிடக்கிறது என்று அறிந்திருக்கும் பெண்கள் செய்வதும் அதே வகை வேலைதான், அவர்களுடைய ஊதியமும் பணிப் பாதுகாப்பும் அந்த வேலையின் மதிப்புக்கு ஏற்ப உயர வேண்டும் என்பதை இந்த நன்றியோடு சேர்த்தே சொல்கிறோம்.

கழிவுநீர்ப் பிரிவின் பணியாளர்களைப் பற்றி எழுதும்போது சொற்களைத் தேட வேண்டியிருக்கிறது. பாதாளச் சாக்கடைக் குழிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு கூடினால் மூக்கின் நுகரும் திறனையே செயலிழக்கச் செய்துவிடும், ஆகவே நாற்றம் போய்விட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கும் கணத்தில்தான் மனிதன் சாகிறான். எந்த அடைப்புக்கும் ஆளை இறக்குவதில்லை, இயந்திரம் வரும்வரை தெரு காத்திருக்கட்டும் என்று இந்த ஆண்டு நம் மாநகராட்சி எடுத்த முடிவு, அதன் எல்லாப் பணிகளுக்கும் மேலானது. இறங்க மாட்டேன் என்று சொன்ன பணியாளர்களுக்கும், அவர்கள் பக்கம் நின்ற பொறியாளருக்கும், அடைப்பு எடுக்கும் இயந்திர வண்டி வர ஒன்றரை நாள் ஆனபோது பொறுத்துக்கொண்ட அந்தத் தெருவாசிகளுக்கும் தலைவணங்குகிறோம்.

குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்கும் குடும்பங்களுக்கும், பிரிக்காமல் கொடுத்தால் சண்டையிடாமல் நின்று விளக்கிய தூய்மைப் பணியாளர்களுக்கும் நன்றி. தெருவிளக்குகள் எல்.இ.டி.யாக மாறியதில் மின்செலவு குறைந்திருக்கிறது. மாற்றிய மின்பணியாளர்களுக்கு வாழ்த்துகள்.

நடைபாதைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பார்வையற்றோர் காலாலும் கைத்தடியாலும் உணர்ந்து நடப்பதற்கான புடைப்புக் கற்களை ஜப்பானின் செய்ச்சி மியாகே உருவாக்கினார். 1967ஆம் ஆண்டு ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நம் நகரில் பதித்த வரிசை ஒன்று நேராகப் போய் ஒரு விளக்குக் கம்பத்தில் முடிந்தது. பார்வையற்ற நண்பர்கள் சிலர் பொறியாளர்களை அழைத்து, அதே பாதையில் அவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். அந்த வாரமே கற்கள் பெயர்த்து மாற்றப்பட்டன. கோபப்பட உரிமை இருந்தும் கற்றுக்கொடுக்க முன்வந்த அவர்களுக்கு நாங்கள் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

புகார் மையத்தில் தொலைபேசியை எடுப்பவர்களை விட்டுவிட முடியாது. அவசரமற்ற நகரப் புகார்களுக்கென்று 311 என்ற ஒரே எண்ணை 1996ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் கொண்டுவந்த பிறகு, பல நகரங்கள் அந்த வழியைப் பின்பற்றின. ஆனால் எண் இருந்தால் மட்டும் போதாது. புகார் கொடுத்தவர் சரியாகிவிட்டது என்று சொல்லும்வரை அதை முடிந்ததாகக் குறிக்கக் கூடாது என்ற விதியை நம் மாநகராட்சி இந்த ஆண்டு ஏற்றுக்கொண்டது. அதனால் தீராத புகார்களின் எண்ணிக்கை காகிதத்தில் கூடியது. அந்தக் கூடுதலுக்கு அஞ்சாமல் விதியைக் காத்த அதிகாரிகளுக்கும், இந்த விதிக்காக மாமன்றத்தில் விடாமல் குரல் கொடுத்த எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும், அதை ஏற்ற ஆளும் தரப்புக்கும் ஒருசேர நன்றி. செலவுக் கணக்கைக் கேட்டபோதெல்லாம் கோப்பை எடுத்துக் காட்டிய கணக்குப் பிரிவு எழுத்தர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

மேட்டுத் தெருக்களின் வடிகாலும் சாலையும் அடுத்த நிதியாண்டின் முதல் பணியாகக் கூட்டக் குறிப்பில் இருக்கின்றன. அங்கே சாலை போடும்போது பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதியதைப் போட வேண்டும் என்றும், வீடுகளின் வாசல் சாலையைவிடத் தாழ்ந்துபோகாதபடி மட்டத்தை முன்னும் பின்னும் அளந்து வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். பணி தொடங்கும் நாளில் தாழ்வான பகுதிகளின் சங்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்து, போக்குவரத்தைத் திருப்பிவிடுவதற்கும் முதியோருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதற்கும் உடனிருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

என்றும் நன்றியுடன்,
குடியிருப்போர் நலச் சங்கங்களின் ஒருங்கிணைப்புக் குழு