இசைத்தட்டு ரசிகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார், சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிடுங்கள். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இந்த வருடம் நாம் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பிரிட்டிஷ் இசைத் தயாரிப்பாளர் ஜோ மீக்கின் ‘ஐ ஹியர் எ நியூ வேர்ல்ட்’ ஆல்பத்தை, 12 பாட்டையும், நடுவில் நிறுத்தாமல் கேட்டோம். 1960இல் இங்கிலாந்தில் உருவான ஆல்பம், அப்போது ககாரின்கூட விண்வெளிக்குப் போகவில்லை. நிலாவில் குளோபாட், சாரூ, டிரிப்காட் என்று கூட்டம் கூட்டமாக ஆட்கள் வாழ்வதாகக் கற்பனை செய்து, அவர்களுடைய பள்ளத்தாக்கு, படகு, நடனம் எல்லாவற்றுக்கும் இசை போட்டிருக்கிறார். இத்தனைக்கும் மீக்குக்கு வாத்தியம் வாசிக்கத் தெரியாது, மெட்டை வாயால் பாடிக்காட்டித்தான் ராட் ஃப்ரீமனின் ப்ளூ மென் குழுவை வாசிக்க வைத்தார். ஸ்ட்ரா வைத்துத் தண்ணீரில் ஊதிய குமிழிச் சத்தம், ஸ்பூனால் தட்டிய பால் பாட்டில், சாம்பல் கிண்ணத்தின் விளிம்பில் இழுத்த சீப்பு, டேப்பை வேகமாக ஓட்டிக் கீச்சுக்குரல் ஆக்கிய பாட்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டார்.

விற்பனை? ட்ரையம்ஃப் கம்பெனி 4 பாட்டு மட்டும் கொண்ட சிறு தட்டாக முதல் பகுதியை மிகக் குறைவான பிரதிகளில் வெளியிட்டது, அதோடு சரி, இரண்டாம் பகுதி கடைக்கு வரவேயில்லை. முழு ஆல்பம் வந்தது 1991இல்தான். மீக் 1967இலேயே இறந்துவிட்டார், அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

1962இல் அவரே டொர்னடோஸ் குழுவுக்காக எழுதித் தயாரித்த ‘டெல்ஸ்டார்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, பிரிட்டிஷ் ராக் குழு ஒன்று அங்கே முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல்முறை. அதனால் இந்த ஆல்பத்தை அதற்கான வெறும் ஒத்திகை என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கீச்சுக்குரல் சில இடங்களில் சலிக்கிறது, கூட்டத்தில் சிலர் சொன்னது நியாயம்தான். ஆனால் ‘வேலி ஆஃப் தி சாரூஸ்’ பாட்டில் வரும் அந்த ஏக்கம் ‘டெல்ஸ்டாரில்’கூட இல்லை.

அப்புறம் ஒரு கோரிக்கை. மீக் இதை ஸ்டீரியோவை மனதில் வைத்தே செய்தார், சத்தம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்வதே பாதி சுகம். நம் ஹாலில் இருப்பதோ ஒற்றை ஸ்பீக்கர். அன்றைக்கு ஓர் உறுப்பினர் தன் வீட்டு ஜோடியைத் தூக்கிவந்து உதவினார், அவருக்கு நன்றி. மன்றத்துக்கென்று ஒரு ஜோடி வாங்கவும், அடுத்த வருடம் மாதம் ஒரு விற்காத ஆல்பத்தை முழுசாகக் கேட்கவும் தீர்மானம் முன்வைக்கிறேன். வழிமொழிபவர்கள் கையைத் தூக்குங்கள்.