நினைவுச் சின்னத்தில் யார் பெயர் பெரிது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போரிலும் பேரிடரிலும் துப்பாக்கிச் சூட்டிலும் மாண்டவர்களுக்கு நினைவுத் தூண் எழுப்பப்போவதாக அறிவிப்புகள் அவ்வப்போது வருகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் இந்த வேலைகளின் எஸ்டிமேட்டை வாங்கிப் பார்த்தால், மேடை, டைல்ஸ், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி, ஃபோகஸ் லைட் எல்லாவற்றுக்கும் அடிக்கணக்கு இருக்கும். ‘எழுத்து வேலை’ மட்டும் கடைசி வரியில் அளவே சொல்லாமல் ‘லம்ப்சம்’ (மொத்தமாக ஒரு தொகை) என்று கிடக்கும். கட்டி முடித்த பிறகு பார்த்தால் திறந்து வைத்தவர் பெயர் மூன்று அங்குலம், செத்தவர்கள் பெயர் முக்கால் அங்குலம். சேலத்தில் கல்லெழுத்து வெட்டும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் இதைப் பற்றிச் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்துக்கு இது புதிய கலை இல்லை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆண்டிபட்டிக்கு அருகே புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ்பிராமி நடுகல்லில் மூன்றே வரி: எந்த ஊர் ஆகோள் (மாடு கவரும் சண்டை), யார், அவருக்கான கல். புகழுரை எதுவும் கிடையாது. இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் அந்தவன் என்பவன் பெயர் நமக்குத் தெரிகிறது. இதற்கு மாறாக வேலூர் மணிக்கூண்டில் இருக்கும் முதல் உலகப் போர்க் கல்வெட்டு, இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று கணக்கோடு நின்றுவிடுகிறது. அந்தப் பதினான்கு பேர் யார் என்று கல் சொல்வதில்லை. ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் 1942–43-இல் மடிந்த தமிழ்க் கூலிகள் நிலை இன்னும் மோசம். தாய்லாந்தின் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் போர்க் கைதிகளுக்குப் பெயரோடு கல் இருக்கிறது. இவர்களுக்கு அங்கே அது இல்லை.

முதலில் கல்லைப் பார்ப்போம். ‘மார்பிள்தான் கம்பீரம்’ என்று வெள்ளைக் கல் கேட்கிறார்கள். நினைவிடத்துக்கு வருபவர்கள் விளக்கு ஏற்றுவார்கள், குங்குமம் வைப்பார்கள், சிலர் பால் ஊற்றுவார்கள். மார்பிள் எண்ணெயைக் குடித்துவிடும், குங்குமக் கறையும் போகாது. அதை எடுக்க ஆசிட் ஊற்றினால் மார்பிளே அரிக்கும். பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட் இதற்கெல்லாம் தாங்கும். இன்னொரு வசதியும் உண்டு. பாலிஷை உடைத்து உள்ளே போனாலே எழுத்து சாம்பல் வெள்ளையாகத் தெரியும். தங்கப் பெயின்ட் தேவைப்படாது. அந்தப் பெயின்ட் இரண்டு மூன்று கோடையில் உரிந்து, பாதி எழுத்து மட்டும் மின்னுவதைப் பார்க்கவே சகிக்காது. சாம்பல் நிறக் கருங்கல்தான் வேண்டுமென்றால் நிறத்தை நம்ப முடியாது, நிழலை நம்ப வேண்டும். எழுத்தை ‘வி’ வடிவில் ஆழமாக வெட்டி, கல்லைக் கிழக்குப் பார்த்து நிறுத்தினால் முற்பகலில் வெயில் மேலிருந்து சரியும்போது எழுத்து எடுப்பாக நிற்கும்.

வாஷிங்டனில் 1982-இல் திறந்த வியட்நாம் போர் நினைவுச் சுவருக்குக் கருப்பு கிரானைட் பெங்களூரிலிருந்துதான் போனது. அதில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். எழுத்து உயரம் அரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். அதைக் காட்டி ‘நமக்கும் அரை அங்குலம் போதுமே’ என்று சொல்லும் எஞ்சினியர்கள் உண்டு. அது ஆங்கிலப் பெரிய எழுத்து. தமிழில் புள்ளி இருக்கிறது. ண, ஞ, ழ என்று சுழி இருக்கிறது. சிறிதாக வெட்டினால் சுழிக்கு நடுவில் நிற்கும் கல் தெறித்துவிடும், புள்ளி அழுக்கு அடைந்து மறையும். அப்புறம் ‘கண்ணன்’ என்ற பெயரை யார் படிப்பது? நம் கணக்கு: எழுத்து உயரம் 30 மி.மீ., கோட்டின் அகலம் 4 மி.மீ., ஆழம் 2 முதல் 3 மி.மீ. புள்ளி 4 மி.மீ. டிரில்லில் தனியாகப் போடப்பட வேண்டும். மேலே கொக்கியும் கீழே வாலும் இருப்பதால் வரிக்கு வரி 60 மி.மீ. விட வேண்டும். தடிப்பும் மெலிவுமாக இருக்கும் அச்சு ஃபான்ட் வேண்டாம். ஒரே தடிமன் உள்ளது எடுங்கள். மணலை வேகமாக அடித்து வெட்டும் சாண்ட் பிளாஸ்டிங்கில் மெல்லிய கோடு காணாமல் போகும்.

பிழை பெரும்பாலும் கல்லில் நேர்வதில்லை, கம்ப்யூட்டரில்தான் நேர்கிறது. பழைய ஃபான்டில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் ஓடிவிடும். கல்லில் அச்சாக ஒட்டும் ஸ்டிக்கரை வெட்டும் மெஷினுக்கு அனுப்பும் முன் எழுத்து முழுவதையும் கோரல் டிரா சாஃப்ட்வேரில் ‘கர்வ்ஸ்’ (ஃபான்டை நம்பாத வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிவிட வேண்டும். பிறகு உண்மையான அளவிலேயே தாளில் பிரின்ட் எடுத்து, அந்தந்தக் குடும்பத்தாரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘ஓகே’ வாங்குவது போதாது. சின்னத் திரையில் ‘ன’வும் ‘ண’வும் ஒன்றுதான்.

இனிஷியலில் சறுக்குவதுதான் அதிகம். ரெக்கார்டில் ‘எம்.’ என்று இருக்கும். அது முருகேசனா முத்துசாமியா என்று வீட்டாரைக் கேட்காமல் ‘மு.’ என்று மாற்றக் கூடாது. சேலம் மத்தியச் சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட 22 கம்யூனிஸ்ட் கைதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். அவர்கள் வழக்கத்தில் முதலெழுத்து பெரும்பாலும் வீட்டுப் பெயரைக் குறிக்கும். இடமில்லை என்று அதை வெட்டினால் ஆளே மாறிப்போவார். அப்படிப்பட்ட பட்டியலைத் தமிழிலும் மலையாளத்திலும் வெட்டுவதே சரி. 22 பெயர் என்றால் இரண்டு பத்தி, பத்திக்கு 11 வரி, 660 மி.மீ. உயரம். தலைப்பும் ஓரமும் சேர்த்து, மொழிக்கு ஒரு கல்லாக நாலடிக்கு மூன்றடி போதும்.

பெயர் பின்னால் தெரியவருவதும், பிழை தெரியவருவதும் சகஜம். தப்பான எழுத்தில் எபாக்ஸிப் பசையும் கல் பொடியும் வைத்து அடைத்தால் சில வருடத்தில் மஞ்சளித்துக் காட்டிக்கொடுக்கும். முழு முகத்தையும் தேய்த்து மறுபடி வெட்டுவது ஒன்றே வழி. அதற்குக் கல் 75 மி.மீ. கனமாவது வேண்டும், 18 மி.மீ. ஸ்லாப்பில் நடக்காது. டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு ஆளுக்கொரு கல் பதித்திருக்கிறார்கள். ஒன்றில் பிழை என்றால் ஒன்றைக் கழற்றினால் போதும். செலவு கூடுதல்தான், ஆனால் புத்திசாலித்தனமான செலவு.

ஸ்லாப்பைச் சிமென்ட் கலவையில் அப்பி ஒட்டுவது இங்கே வழக்கம். சேலத்து வெயிலில் கல் ஒரு மாதிரி விரியும், சுவர் ஒரு மாதிரி. சில வருடத்தில் தட்டினால் ‘டொப்’ என்று வெற்றுச் சத்தம் வரும், மூட்டுகளில் உப்புப் பூக்கும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப் வைத்து, கல்லுக்குக் கல் 5 மி.மீ. இடைவெளி விட வேண்டும். இரும்புக் கிளாம்ப் வைத்தால் துருப்பிடித்துப் பருத்துக் கல்லையே பிளக்கும். ஸ்டீல் பிளான்ட் இருக்கிற ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

ஏற்காட்டில் வைப்பதாக இருந்தால் வேறு தொல்லை: பனியும் மழையும் சேர்ந்து எழுத்துக்குள் பாசி கட்டும். கம்பி பிரஷ் போடாதீர்கள். கம்பித் துகள் தங்கித் துருக்கறை ஆகும். பச்சைத் தண்ணீரும் நைலான் பிரஷும் போதும். மழை முடிந்ததும் ஒருமுறை, கோடைக்கு முன் ஒருமுறை. கல்லின் மேல்விளிம்பு பின்பக்கம் சற்றுச் சரிவாக இருந்தால் முகத்தில் தண்ணீர் வழியாது. விளக்குக்குக் கல்லிலிருந்து இரண்டடி தள்ளித் தனி மாடம் கட்டிவிடுங்கள். ஏற்றக் கூடாது என்று போர்டு வைத்தாலும் ஏற்றத்தான் போகிறார்கள்.

சிலை வேண்டுமா என்று கேட்டால், எங்கள் அபிப்பிராயம் வேண்டாம் என்பதே. முகச்சாயல் சரியில்லை என்று சண்டை வரும், கூண்டு போடச் சொல்வார்கள், தேர்தல் வந்தால் துணி சுற்றுவார்கள். பெயர்ப் பலகைக் கல்லுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

மாநகராட்சியும் ஊராட்சிகளும் இனி நினைவுச் சின்னத்துக்கு டெண்டர் விடும்போது, எழுத்து உயரம், ஆழம், கல்லின் கனம், கிளாம்ப், குடும்பத்தார் கையெழுத்திட்ட பிரதி ஆகியவற்றைத் தனித்தனி ஐட்டமாகப் போட வேண்டும். பெயர் ஒன்றுக்கு இவ்வளவு என்று ரேட் இருக்கட்டும். திறப்பு விழாக் கல்வெட்டை மேடையின் பின்பக்கம், அதே 30 மி.மீ. எழுத்தில் வைத்தால் போதும்.

இப்படிக்கு,
கல்லெழுத்துப் பணியாளர்கள் இருவர்,
சேலம்.