அறிவிப்புப் பலகை ஏன் காலி?

ஆசிரியருக்கு வணக்கம்.

2020 மார்ச் 27 அன்று, நம் நேரப்படி இரவு பத்தரை மணிக்கு, மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் செபித்ததை என் அம்மா கைபேசியில் பார்த்தார். முடிந்ததும் திரையை நோக்கிச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். அதனால் திருச்சபைக்குத் தொழில்நுட்பம் ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1931-லேயே மார்க்கோனியை வைத்து வானொலி தொடங்கியது வத்திக்கான்.

என் குறை வேறு. எங்கள் பங்குக் கோவிலில் ஞாயிறு பூசை முடிவில் வாசிக்கும் அறிவிப்புகளைச் சுருக்கிவிட்டார்கள், பலகையும் காலி. எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான். சரி என்று உள்ளே போனால், 'காலை வணக்கம்' பூக்களுக்கும், பத்துப் பேருக்கு அனுப்பினால் அற்புதம் நடக்கும் என்ற செய்திகளுக்கும் அடியில் கல்லறைத் திருநாள் பூசை நேரம் புதைந்து கிடக்கிறது. பக்கத்துத் தெருப் பெரியவரின் அடக்கப் பூசை பலருக்கு மறுநாள்தான் தெரிந்தது. முன்பெல்லாம் துக்க மணி அடித்தால் ஊருக்கே தெரிந்துவிடும்.

இணையத்தில் அருளடையாளங்கள் (திருமுழுக்கு, நற்கருணை போன்ற திருச்சபையின் புனிதச் சடங்குகள்) இல்லை என்று வத்திக்கான் 2002-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே சொல்லிவிட்டது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்காகப் பூசை நேரலை தொடரட்டும். நற்கருணை அப்பத்தை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகவும் ஆள் வேண்டும். குழுவில் பொறுப்பாளர்கள் மட்டும் பதிவிடும்படி மாற்ற ஒரு நிமிடம் போதும். அப்புறம், அந்தப் பலகையில் வாரம் ஒரு தாளாவது ஒட்டுங்கள்.

– ஒரு பங்கு வாசகர், தூத்துக்குடி