தெண்டோங் வேறு, பாங் லாப்சோல் வேறு

ஆசிரியருக்கு,

சிக்கிம் திருவிழாக்கள் பற்றிய கட்டுரையில் இரண்டு விழாக்கள் ஒன்றாகிவிட்டன. கஞ்சன்ஜங்காவைப் போற்றும் பாங் லாப்சோல், திபெத்தியப் பஞ்சாங்கத்தின் ஏழாம் மாதப் பௌர்ணமியில் வருவது. தேதி ஆண்டுதோறும் மாறும். சிக்கிமின் பழங்குடியினரான லெப்சாக்களின் தெண்டோங் லோ ரும் ஃபாட் ஆகஸ்ட் 8. அன்று சிக்கிமில் அரசு விடுமுறை. இரண்டாவதன் நாயகன் கஞ்சன்ஜங்கா அல்ல, நாம்ச்சி அருகே சுமார் 8,500 அடி உயரமுள்ள, காடு மூடிய தெண்டோங்.

தீஸ்தா, ரங்கீத் ஆறுகள் பொங்கி நாடே மூழ்கியபோது, இந்த மலையில் ஏறியவர்களே பிழைத்தார்கள் என்பது ஐதீகம். அதற்கு நன்றியாகக் கற்களை அடுக்கி மலையுருவம் செய்வார்கள். அதன் முன் பூசாரியான போங்திங் வேண்டுதல் சொல்லிப் படையலிடுவார்.

படையலில் முக்கியமானது ‘சீ’. அதைக் கட்டுரை ‘அரிசி மது’ என்கிறது. விழாவுக்குப் பெயர்போனது நம் கேழ்வரகில் ஆவதுதான். முழுத் தானியத்தை வேகவைத்து, பாயில் பரப்பி ஆறவிட்டு, பொடித்த புளிப்பு மாவுருண்டையைத் தூவிப் பிசிறுவார்கள். சூடு தணியுமுன் தூவினால் ஈஸ்ட் செத்துவிடும். அப்புறம் எத்தனை நாள் வைத்தாலும் புளிக்காது. ஓரிரு நாள் கூடையில் மூடிவைத்து, வாசம் கிளம்பியதும் பாத்திரத்தில் அடைத்து வாயைக் கட்டுவார்கள். காற்றுப் புகுந்தால் காடிதான். பருகும்போது மூங்கில் குவளையில் தானியத்தோடு வெந்நீர் ஊற்றி, சற்று ஊறியபின் மூங்கில் குழலால் உறிஞ்ச வேண்டும். குழலின் அடிமுனை அடைத்திருக்கும். பக்கத்தில் மெல்லிய கீறல் மட்டும். இல்லாவிட்டால் வாயெல்லாம் சக்கை.

மலையேற விரும்புவோருக்கு: பாதை தம்தாங்கில் தொடங்குகிறது. ஆகஸ்ட் அடைமழைக்காலம், அட்டை நிச்சயம். உப்பு மறக்காதீர்கள்.

– வாசகர்